பாலையாவின் மிடுக்கு: ஒரு நாட்குறிப்பு

6 ஜூலை 2024, சனிக்கிழமை, திருகோணமலை

டி. எஸ். பாலையா நடித்த படங்களை ஆண்டு வரிசைப்படி பார்த்துக் குறிப்பு எழுதுவதாகத்தான் எண்ணம். கையில் முதலில் அகப்பட்டது ‘காதலிக்க நேரமில்லை’ என்பதால் வரிசை தொடக்கத்திலேயே குலைந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவும் இல்லை. 1964 இல் ஸ்ரீதர் ஈஸ்ட்மென் கலரில் எடுத்த அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாகேஷ் கதை சொல்லும் காட்சியில்தான் போய் நிற்பார்கள். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா, பணக்காரத் தகப்பன் விஸ்வநாதனைப் பிடித்து உட்காரவைத்து, தேவையான ஓசைகளையெல்லாம் தன் வாயாலேயே எழுப்பி, ஒரு திகில் கதையை அவிழ்த்துவிடுகிறான். அந்தத் தகப்பன்தான் பாலையா.

படங்களை இலங்கை வானொலியின் ஒலிச்சித்திரத்தில் கேட்டு வளர்ந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் காட்சி காதால் மனப்பாடம். காதால் மட்டும் கேட்டால் காட்சி முழுவதும் நாகேஷுடையதாகவே தோன்றும். ஏனென்றால் பேசுகிறவர் அவர். ஆகவே இன்றிரவு ஒலியை முற்றாக நிறுத்திவிட்டு அந்தப் பகுதியை மட்டும் மறுபடி மறுபடி ஓடவிட்டேன். பிள்ளையின் பைத்தியக்காரத்தனத்தைச் சகித்துக்கொள்ளும் முதலாளியின் முகத்தோடு தொடங்குகிறவர், எந்த இடத்தில் அந்த முதலாளியைக் கைவிட்டுப் பயந்த குழந்தையாக மாறுகிறார் என்று கோடு போட்டுக் காட்ட முடியவில்லை. கண்கள் விரிகின்றன, உடம்பு ஒடுங்குகிறது, வாய் தானாகத் திறக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு கணமாவது பார்வையாளரின் பக்கம் திரும்பிச் சிரிப்பை யாசிக்கும் பாவனை அவரிடம் இல்லை.

மாமா பின்னால் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இவர் எங்கை தம்பி பகிடி விடுறார்? மனுசன் உண்மையாப் பயந்தெல்லோ போனார்” என்றார். நான் இரண்டு பக்கத்தில் எழுத நினைத்ததை அவர் கதிரையை விட்டு எழும்பாமலே சொல்லி முடித்துவிட்டார்.

9 ஜூலை, செவ்வாய்

பின்னோக்கிப் போகவேண்டியதாயிற்று. பாலையா 1914 இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். நாடகக் கம்பெனி வழியாகத் திரைக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். முதற்படம் 1936 இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய அப்படத்தில்தான் எம். ஜி. ஆரும் முதன்முதலாகத் திரையில் தோன்றினார் என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. அதன் கதை எங்கள் நாட்டுக்கும் வந்துபோகிறது என்பதை இங்குள்ளவர்களே அவ்வளவாகப் பேசுவதில்லை. எம். கே. ராதா நடித்த கதாநாயகன் குடிக்கு அடிமையாகி, தான் ஒருவரைக் கொன்றுவிட்டதாக எண்ணி, இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். அவனைக் கெடுத்துக் குடிக்கு இழுக்கும் நண்பன் ராமநாதன் வேடம் பாலையாவுக்கு.

நல்லவனைப் போல அருகில் அமர்ந்து தோளில் கைபோட்டுக் கெடுக்கும் வில்லன் அவன். அடுத்த ஆண்டில் அதே டங்கனின் ‘அம்பிகாபதி’யில் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராக ருத்திரசேனன் ஆனார். பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த வழியில்தான் பெரும்பாலும் நடந்தார். விஸ்வநாதனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தக் கால் நூற்றாண்டை மறந்துவிடக் கூடாது என்பது என் கட்சி. பிறரை நடுங்கவைக்கும் மிடுக்கை அவ்வளவு காலம் உடம்பில் சுமந்த ஒருவருக்குத்தான் அந்த மிடுக்கு எந்த இடத்தில் முதலில் விரிசல் விடும் என்பது தெரிந்திருக்கும்.

13 ஜூலை, சனி

‘வேலைக்காரி’ (1949). அண்ணாதுரையின் எழுத்து. கே. ஆர். ராமசாமி பழிவாங்கக் கத்தியைத் தீட்டும்போது, புத்தியைத் தீட்டச் சொல்லும் நண்பன் மணியாகப் பாலையா வருகிறார். தமிழ்நாட்டிலும் இங்கேயும் எத்தனையோ மேடைகளில் எதிரொலித்த அந்த வசனத்தை அவர் உரக்கச் சொல்லவில்லை. கூட்டத்துக்குச் சொல்வதுபோல இல்லாமல், ஒருவனுடைய காதுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறார். திராவிட இயக்கப் படங்களில் வசனம் பேசுபவர் நேராக நிமிர்ந்து நின்று முழங்குவது வழக்கமாகிவிட்ட காலத்தில் இது ஒரு தனிப்போக்கு.

‘மதுரை வீரன்’ (1956) பார்க்கத் தொடங்கினேன், மின்சாரம் போய்விட்டது. நரசப்பனாக வரும் பாலையாவிடம் வில்லத்தனத்தோடு அசட்டுத்தனமும் கலந்திருப்பதை அதற்குள் பார்த்துவிட்டேன். மாற்றம் 1964 இல் திடீரென நிகழ்ந்ததன்று என்பதற்கு இது போதும்.

16 ஜூலை, செவ்வாய்

இன்று படம் எதுவும் பார்க்கவில்லை. பஸ் நிலையத்தருகே நின்ற புள்ளிமான்கள் வழிவிடும் வரை முச்சக்கர வண்டியில் காத்திருந்தபோது, சாரதி வானொலியில் ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ பாட்டு ஒலித்தது. வேலையை விட்டுத் துரத்தப்பட்ட ரவிச்சந்திரன் வீட்டு வாசலில் கூடாரமடித்துப் பாடும் பாட்டு அது. சினங்கொண்டு நிற்கும் அதே விஸ்வநாதன், வாசலில் நிற்பவன் கோடீசுவரன் மகன் என்று நம்பியதும் குழைகிற குழைவு இருக்கிறதே, அதைத் தனியாக எழுதவேண்டும். குரல் ஒரு படி இறங்குகிறது. கை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறுகிறது. பணத்தின் முன் வளையும் முதுகை வில்லனாக இருந்தபோது எதிராளிகளிடம் எத்தனை தரம் பார்த்திருப்பார்!

22 ஜூலை, திங்கள்

பாலையா மறைந்த நாள். 1972 இல் இதே தேதியில், ஐம்பத்தெட்டு வயது நிறைவதற்குள், காலமானார். அதை முன்னிட்டு ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஹேமநாத பாகவதர் என்ற பாடகராக அவர் வரும் பகுதியை மட்டும் ஆறுதலாகப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் இந்தப் பகுதியை எல்லாருக்கும் தெரியும். கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி கட்டிய காலந்தொட்டு ‘ஒரு நாள் போதுமா’ ஒலிக்காத திருவிழா அரிது. கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்து, பாலமுரளி கிருஷ்ணா பாடிய அந்த இராகமாலிகையில் தோடி, தர்பார், மோகனம், கானடா என்ற இராகப் பெயர்கள் சொற்களுக்குள்ளேயே ஒளிந்து வருகின்றன. ஒவ்வொரு பெயரும் வரும்போது இசையும் அந்த இராகத்துக்கு மாறுகிறது. இத்தனை கடினமான உருப்படிக்கு வாயசைக்க ஏ. பி. நாகராஜன் ஒரு பாடகரையோ அழகான இளைஞரையோ தேடாமல் பாலையாவைத் தேர்ந்தெடுத்ததுதான் வியப்பு. பாண்டியன் அவையில் அவர் பாட்டைக் கேட்டு மகிழ்பவராக இல்லை. பாட்டின் உரிமையாளராக அமர்ந்திருக்கிறார். சங்கதி விழும்போது புருவம் ஏறுகிறது. பிருகா என்னும் வேகச் சுர ஓட்டம் ஒன்று முடிந்தவுடன் அவையைச் சுற்றிப் பார்க்கிறார்: யார் வியக்கவில்லை என்று கணக்கெடுக்கும் பார்வை. கச்சேரி மேடைகளில் இத்தகையவர்களைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்; பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு இரவு வருகிறது. விறகு விற்பவனாக வந்த சிவபெருமான், சிவாஜியின் உருவில், திண்ணையில் இருந்து ‘பாட்டும் நானே’ பாடுகிறார். திருவிளையாடற் புராணத்தின் ‘விறகு விற்ற படலம்’ கேட்டு வளர்ந்தவர்களுக்கு முடிவு முன்பே தெரியும்: ஹேமநாதனோடு போட்டிக்குப் பாடவேண்டிய பாணபத்திரரின் சீடனாகக்கூட ஆகத் தகுதியில்லை என்று தள்ளப்பட்டவனே இப்படிப் பாடுவானானால் குருவின் பாட்டு எப்படி இருக்கும் என்று நடுங்கி, ஹேமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகவேண்டும். புராணத்தில் இது இறைவனின் திருவிளையாடல். பாலையாவின் முகத்தில் இது ஒரு கலைஞனின் சொந்தத் துயரம். முதலில் அலட்சியம், அடுத்து ஐயம். அடுத்து வருவதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்: தன்னை மறந்த ஒரு கணத் தூய இன்பம். ஹேமநாதனுக்கு இசை உண்மையிலேயே தெரியும் என்பதை அந்த ஒரு கணம் காட்டிவிடுகிறது. இசை தெரியாதவன் அந்தப் பாட்டைக் கேட்டு இப்படிக் கலங்கமாட்டான். அச்சம் அதற்குப் பின்னர்தான் வருகிறது. நாம் சிரிக்கிறோம், ஆனால் அவனைக் கேவலமாக எண்ணிச் சிரிக்கவில்லை.

இதே படத்தில்தான் நாகேஷ் தருமியாக வருகிறார். புகழ் முழுவதும் தருமிக்குப் போனதில் அநியாயம் இல்லை. எனினும் தருமி தொடக்கத்திலிருந்தே தாழ்ந்து நிற்பவன். அவனுடைய நகைச்சுவை ஏங்குவதில் பிறக்கிறது. ஹேமநாதனோ உச்சியில் இருந்து விழுபவன். இரண்டும் வெவ்வேறு வித்தைகள். ஒன்றின் முழக்கோலால் மற்றதை அளக்கக் கூடாது.

27 ஜூலை, சனி

மாலையில் கோயிலில் மேளம். அங்கிருந்து வந்து ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பார்த்தால் எந்தத் தவில் நடிகரையும் மன்னிக்கும் மனநிலை இருக்காது. தவில் என்றால் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை அளவுகோலாக வைத்துப் பேசும் நாடு இது. 1975 இல் மறைந்த அவருடைய வாசிப்பை நேரில் கேட்ட முதியவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். மாமா அவர்களில் ஒருவர். ஆகவே முத்துராக்குவாகப் பாலையா தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது நான் திரையைவிட மாமாவைத்தான் அதிகம் பார்த்தேன்.

நாதஸ்வர இசை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜியின் வாசிப்புப் பாவனையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பாலையாவிடம் மாமா முதலில் கவனித்தது கைகளை அல்ல, கழுத்தை. வலக்கை விரல்களில் கூடுகளும் இடக்கையில் கழியுமாக வாசிக்கிறவர், நாதஸ்வரக்காரர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்று முகத்தை அந்தப் பக்கம் சாய்த்தே இருப்பார். பக்கவாத்தியத்தின் உயிர் அந்தச் சாய்வில் இருக்கிறது. “கை அங்கையிங்கை பிழைக்குது தம்பி. ஆனா கேக்கிற விதம் தவில்காரன்ரை விதம்தான்” என்று மாமா தீர்ப்பளித்தார்.

கதையிலும் முத்துராக்குவின் வேலை அதுவே. சிவாஜி நடித்த முன்கோபக்கார நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு எப்போது தாளம் போட வேண்டும், எப்போது நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த மூத்தவர். மனோரமா, நாகேஷ், பாலையா ஆகிய மூவரும் இருக்கும் படத்தில் ஒருவர் இடத்தை மற்றவர் பறிக்கவில்லை. வில்லனாக இருந்தவரின் கண்ணில் இப்போது குறும்பு மட்டும் எஞ்சியிருக்கிறது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி அமாவாசை. காலையில் கடலில் நீராடிவிட்டு வந்து, காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு மத்தியானச் சாப்பாடு. தகப்பன்மாருக்கான நாள் என்பதாலோ என்னவோ, பிற்பகலில் பாலையாவின் தகப்பன் வேடங்களை எடுத்துக்கொண்டேன்.

‘பாமா விஜயம்’ (1967) படத்தில் மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூவருக்கும் அவர் தகப்பன். பக்கத்து வீட்டுக்கு வந்த நடிகையை விருந்துக்கு அழைப்பதற்காக மூன்று மருமகள்மாரும் போட்டிபோட்டுக் கடனில் பொருள் வாங்கிக் குவிக்க, வரவு எட்டணா, செலவு பத்தணா என்று பாட்டிலேயே கணக்குப் படிக்கிறார் பெரியவர். கே. பாலச்சந்தரின் படத்தில் குடும்பத்தில் நிதானம் இழக்காதவர் இவர் ஒருவரே. பாலையா சிரிக்கவைக்காமல் மற்றவர்களைச் சிரிப்புக்கு ஆளாக்கும் படம். எனக்கு இதில் அவரைக் கொஞ்சம் அடக்கிவிட்டார்களோ என்ற குறை உண்டு.

அதே ஆண்டில் வந்த ‘ஊட்டி வரை உறவு’ அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது. இளமையில் இரகசியமாக இன்னொரு குடும்பம் வைத்திருந்த செல்வந்தர், வளர்ந்த மகனிடம் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை. தகப்பன் மகன்முன் குற்றவாளியாக நிற்கும் இக்கட்டைச் சோகமாகவும் எடுக்கலாம். பாலையா தலைகுனிந்து அழவில்லை. வழக்கமான அதிகாரக் குரலில் தொடங்கி, சொல்ல வேண்டிய சொல் நெருங்க நெருங்கச் சுற்றி வளைத்து, வீட்டு எசமானின் தோரணையை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் திண்டாடுகிறார். எதிரே சிவாஜி இருப்பதால் பெரும்பாலானோர் கண் அந்தப் பக்கம் போகும்.

அவருடைய மகன் ஜூனியர் பாலையாவும் நடிகரானார். ‘கரகாட்டக்காரன்’ (1989) கோஷ்டியில் ஒருவர், ‘சாட்டை’ (2012) படத்தில் தலைமையாசிரியர். சென்ற ஆண்டு நவம்பரில் அவரும் காலமானார். தகப்பனின் குரல் அவருக்கு ஓரளவு வாய்த்திருந்தது. தகப்பனுக்குக் கிடைத்தவை போன்ற வேடங்கள் வாய்க்கவில்லை. 1964 முதல் 1968 வரையான நாலைந்து ஆண்டுகளில் ஸ்ரீதர், நாகராஜன், பாலச்சந்தர் என்று மூன்று இயக்குநர்கள் ஒரு பழைய வில்லனைத் தேடி வந்ததுபோல இவரைத் தேடி எவரும் வரவில்லை.

மாமா மாலையில் ‘காதலிக்க நேரமில்லை’யை மறுபடி போடச் சொன்னார். கதை சொல்லும் காட்சி வேண்டாமாம். முத்துராமன் பொய்த் தாடியோடு கோடீசுவரனாக வரும்போது விஸ்வநாதன் உபசரிக்கும் காட்சி வேண்டுமாம். அடுத்த வாரம் ‘ஓர் இரவு’ (1951) பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதிலே பாலையா சிரிக்கவைப்பாரா என்று கேட்டார், வில்லன் வேடம் என்றேன், அப்படியென்றால் சாப்பாட்டுக்கு முன்னரே பார்த்துவிடலாம் என்கிறார்.