தனி வீடும் இஸ்தோப்பும்

இலங்கையின் மலையகத்தில் வீடமைப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை அறை, எவ்வளவு காணி, உறுதிப் பத்திரம் எப்போது கைக்கு வரும் என்ற கேள்விகளே முதலில் வருகின்றன. இருநூறு ஆண்டு காலம் சொந்த நிலமின்றி வாழ்ந்த சமூகத்தில் அவை முதலில் வருவது நியாயமே. ஆனால் பிள்ளைகள் பாடசாலைக்கும் மற்றவர்கள் வேலைக்கும் போன பிறகு பகல் முழுவதும் அந்த வீட்டில் தனியே இருக்கப்போகிற முதியவரைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவர் யாரோடு பேசுவார், அவருக்கு ஏதாவது நேர்ந்தால் யார் கண்ணில் படும், அவரிடமிருந்து அயலவர்களுக்கு இதுவரை கிடைத்துவந்தது இனி எப்படிக் கிடைக்கும் என்பவை வீட்டின் வரைபடத்தோடு சேர்த்தே கேட்கப்பட வேண்டியவை. ஹட்டனுக்கு அண்மையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இன்றும் அங்கேயே குடியிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தைப் புகழ்வது என் நோக்கம் அன்று. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பரா எனும் ஒற்றை அறைக்குள் மூன்று தலைமுறையினர் படுத்தெழுந்ததையும், அடுப்புப் புகையிலேயே பிள்ளைகள் படித்ததையும், கழிப்பறைக்கு முன்னால் வரிசையில் நின்றதையும் அனுபவித்த எவரும் அதைப் புகழ மாட்டார்கள். லயம் ஒழிய வேண்டும். ஆயினும் அந்த லயத்தில் ஒன்று இருந்தது. அது காம்பராவின் முன்புறத்து இஸ்தோப்பு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓடும் அந்தச் சிறிய திண்ணைப் பகுதியில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவருக்கு முழு லயமும் தெரியும். முழு லயத்துக்கும் அவரைத் தெரியும். யாரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அன்று அது. இடமின்மையால் வெளியே வந்து உட்கார்ந்தவர்கள், அந்த உட்காருதலாலேயே அயலின் காவலர்களாகவும் செய்தியாளர்களாகவும் ஆனார்கள்.

எங்கள் வரிசையில் ஓர் அப்பாயி இருந்தார். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆட்கள் இறங்கியதும் சாக்கை விரித்து இஸ்தோப்பில் உட்காருவார். அக்கம்பக்கத்துக் காம்பராக்களின் சாவிகள் அவருடைய முந்தானை முடிச்சில் கிடக்கும். கீரை ஆய்ந்தபடியே, எந்தப் பிள்ளை ரொட்டியைத் தின்னாமல் பாடசாலைக்கு ஓடியது, எந்த வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை, தண்ணீர் எடுக்கும் பீலிக்கரைக்குப் போன கர்ப்பிணி ஏன் திரும்பவில்லை என்பதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருப்பார். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் தாய்மாரிடம் அன்றைய கணக்கை ஒப்படைப்பார். அதற்குப் பதிலாக, தண்ணீர்க் குடம் அவர் வாசலுக்குத் தானாக வந்து சேரும். எட்டாம் வகுப்புப் படித்த பெண்பிள்ளை ஒருத்தி அவருடைய கிளினிக் கொப்பியைப் பார்த்து, எந்தக் குளிசை பிரஷருக்கு, எந்தக் குளிசை சீனி வருத்தம் எனும் நீரிழிவுக்கு என்று பிரித்து வைப்பாள். பெரியவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், பிள்ளை பெரியவரைப் பார்த்துக்கொண்டது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாத ஓர் உறவு அது.

அயலவர் இப்படி உறவினராக மாறியதற்கு நம் வரலாற்றிலும் காரணம் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிகுதி 1,50,000 பேரை 1974இன் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள் அந்தப் பிரிவை நேரில் கண்டவர்கள். அக்காள் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்குமாகப் போன வீடுகள் எங்கள் தோட்டத்திலேயே பல. இரத்த உறவு கடல் கடந்து போனபோது பக்கத்துக் காம்பராக்காரரே சித்தப்பாவும் பெரியாயியுமானார். ஆகவே நம் முதியவர்களுக்கு அயல் என்பது, குடும்பம் உடைந்த இடத்தில் அவர்களே மறுபடி கட்டியெழுப்பிய ஒன்று. ஒருவரை அந்த அயலிலிருந்து பிரித்து மலையின் வேறொரு சரிவில் குடியேற்றும்போது எதைப் பிரிக்கிறோம் என்பதை இந்தப் பின்னணியோடுதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாடு முழுவதும் மூப்படைந்து வருகிறது. 1981இன் குடிசன மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் மக்கள் தொகையில் 6.6 சதவீதம்; 2012இல் அது 12.4 சதவீதம். தோட்டங்களில் இந்த மாற்றத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளும் தாத்தா பாட்டிமாரும் மட்டுமே வாழும் வீடுகள் பெருகிவிட்டன. இதைப் பற்றி எழுதுவோர் பலர் முதியவர்களைச் சுமையாகவே காட்டுகிறார்கள். நான் காண்பது அதற்கு நேர்மாறானது. மலையகத்தின் ஒரு தலைமுறைப் பிள்ளைகளை இப்போது வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் முதியவர்கள்தான். அதிலும் பெண்கள்தான். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து முழங்காலும் இடுப்பும் தேய்ந்த பிறகு, ஓய்வு என்ற பெயரில் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டாவது பிள்ளை வளர்ப்பு. போதாததற்கு, வீட்டுச் செலவைச் சமாளிக்கக் அன்றன்றே காசு கிடைக்கும் கைக்காசு வேலைக்கும் போகிறார்கள். தலைமுறைகள் கலந்து வாழ்வது நல்லது என்று நான் வாதிடும்போது, அந்தக் கலப்பின் முழுப் பாரத்தையும் பாட்டிமாரின் தலையில் ஏற்றிவிடுவதை நல்லது என்று சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் வாரத்தில் சில மணி நேரமாவது கால் நீட்டி உட்கார இடமும் மாற்றாளும் வேண்டும். முன்பு பிள்ளைக் காம்பரா என்று அழைக்கப்பட்ட சிறுவர் பராமரிப்பு நிலையங்கள் இன்றும் தோட்டங்களில் இயங்குகின்றன. அவற்றின் நேரத்தை நீடித்து, முதியவர்களும் வந்து உட்காரக்கூடிய ஒரு மண்டபத்தை அவற்றோடு இணைத்தால் இரு தரப்புக்கும் பயன் கிடைக்கும்.

இளையோரின் துணை எங்கே மிகவும் தேவைப்படுகிறது என்று கேட்டால், கடதாசி வேலைகளில் என்றே சொல்வேன். ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும் முதியவருக்குச் செக்ரோல் எனும் தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பெயரும் இருக்கும். 1983இன் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை சேர வேண்டும்; அந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்க மாட்டார். அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். அதுவும் வீட்டு வாசலுக்கு வராமல் தோட்டத்து அலுவலகத்தில் கிடந்து பிந்தியே கைக்குச் சேரும். அஸ்வெசும எனும் அரச நலன்புரி உதவிக்கான விண்ணப்பமோ முதியோர் கொடுப்பனவோ எதுவானாலும், சிங்களம் வாசிக்கவும் இணையத்தில் படிவம் நிரப்பவும் தெரிந்த ஒரு பிள்ளை அயலில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே ஒரு முதியவரின் உரிமைப் பணம் பல வேளைகளில் அமைகிறது. மறுபுறம், யார் தோட்டத்தின் எந்த டிவிசனில் (பிரிவில்) எந்த ஆண்டில் பிறந்தார், எந்தப் பெயரில் எந்தக் கங்காணியிடம் வேலை செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் முதியவர்கள் மட்டுமே. பிறப்புப் பதிவில்லாத ஒருவருக்குச் சான்று தேட வேண்டியிருந்தபோது, அந்த நினைவாற்றல் எங்கள் தோட்டத்து இளைஞர்களுக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இனித் தனி வீட்டுக்கு வருகிறேன். ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை என்று இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகளை நம்மில் பலரும் பார்த்திருப்போம். லயத்தில் பிறந்தவருக்கு அவ்வீட்டின் கதவைச் சாத்திக்கொள்ள முடிவதே பெரிய மரியாதை. எனக்கு நன்கு தெரிந்த ஒரு தாத்தா மகனுடைய புது வீட்டுக்குப் போனார். மனைவி முன்பே காலமாகிவிட்டார். மகனும் மருமகளும் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். போய்ப் பார்த்தபோது, “வீட்டுல ஒரு கொறையும் இல்ல தம்பி, இந்தப் படியிலதான் எறங்க முடியல” என்றார். சாலையிலிருந்து அந்த வீட்டுக்கு ஏறும் படிகள் மண்ணை வெட்டி அமைத்தவை. மழைக்காலத்தில் அவற்றில் பாசி படிந்து வழுக்கும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் இல்லை. கிளினிக் நாளில் மட்டும் பேரன் கையைப் பிடித்து இறங்குவார். ஒரு காலத்தில் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து வீரகேசரியைச் சத்தமாக வாசித்து, படிக்கத் தெரியாத பத்துப் பேருக்கு உலகச் செய்தி சொன்னவர் அவர்.

அவருடைய நிலைமையை மாற்றியது எந்தத் திட்டமும் அன்று. காமன், ரதி கதையை ஆடிப்பாடும் மாசி மாதத்துக் காமன் கூத்துக்குப் பாட்டுகளைத் தெரிந்தவர் அவரைத் தவிர வேறு எவரும் எஞ்சியிருக்கவில்லை. ஆகவே இளைஞர்கள் ஒத்திகையை அவருடைய வீட்டு முற்றத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மாலையானதும் தப்பு மேளம் ஒலிக்கும்; அவர் ஒரு வரியைப் பாடுவார், பையன்கள் திருப்பிப் பாடுவார்கள்; தாளம் பிசகினால் கைத்தடியால் தரையில் தட்டித் திருத்துவார். அப்படி வந்து போன நாட்களில்தான் ஒரு பையன் அவருடைய கணுக்காலுக்கு மேல் ஆறாத புண் ஒன்று இருப்பதைக் கவனித்தான். வீட்டார் அதை அட்டைக்கடி என்று நினைத்து மஞ்சள் பூசி வந்திருந்தார்கள். மருத்துவமனையில் பரிசோதித்தபோது சீனியின் அளவு மிகவும் கூடியிருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் காலையே இழந்திருக்கக் கூடும். சீனி வருத்தம் உள்ளவருக்குக் கால் நரம்புகளில் உணர்ச்சி குறைந்துவிடுவதால் புண்ணின் வலி தெரியாது. ஆகவே இன்னொருவருடைய கண்ணில் அது பட வேண்டியிருக்கிறது. தனியாக இருப்பவரின் காலை யார் பார்ப்பார்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2007இல் முதியோருக்கு உகந்த நகரங்களைப் பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, வெளியிடங்கள், போக்குவரத்து, வீடு, சமூகப் பங்கேற்பு, மதிப்பு, குடிமைப் பங்களிப்பும் தொழிலும், தகவல், சுகாதார சேவை என்ற எட்டு துறைகளைக் குறிப்பிட்டது. அது நகரங்களுக்காக எழுதப்பட்டது. நம் மலைச்சரிவில் அந்த எட்டில் ஏழு, படிக்கட்டைப் பொறுத்தே அமைகின்றன. படி இறங்க முடியாதவருக்குக் கோயில் திருவிழா இல்லை, சங்கக் கூட்டம் இல்லை, வாக்குச்சாவடி இல்லை, கிளினிக் இல்லை. ஆட்டோ சாலையில் வந்து நின்றாலும் அவருக்குப் பயனில்லை. ஆதலால், வீட்டுத் திட்டம் ஒன்றில் முதியவர் உள்ள குடும்பங்களுக்குச் சாலையோரக் காணியை ஒதுக்க வேண்டும். பழைய லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் விரும்பினால் புதிய இடத்திலும் அருகருகே வீடு கொடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்கல் மட்டுமே நியாயம் என்ற நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை. வீட்டின் முன்புறம் மழை படாமல் மூன்று நான்கு பேர் உட்காரும் அளவுக்கு இஸ்தோப்பு ஒன்றும் வேண்டும். 2018 வரை பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யச் சட்டம் தடையாக இருந்தது. அந்த ஆண்டின் திருத்தத்தால் தடை நீங்கியது. கைப்பிடியுள்ள படிகளைக் கேட்க இன்று நமக்கு ஓர் இடம் இருக்கிறது.

2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கிராம மட்டத்தில் முதியோர் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. அவை நல்லவையே, ஆனால் முதியவர்கள் மட்டும் கூடும் கூட்டத்தால் குடம் தூக்க முடியாது, படிவம் நிரப்ப முடியாது. எல்லா வயதினரும் ஏற்கெனவே உறுப்பினராக உள்ள அமைப்பு ஒன்று ஏறத்தாழ எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறது. அது மரணாதாரச் சங்கம். மாதச் சந்தா தவறாமல் சேர்கிறது. ஒருவர் இறந்த செய்தி வந்த சிறிது நேரத்துக்குள் கொட்டகையும் கதிரைகளும் பெரிய பாத்திரங்களும் வந்து இறங்குகின்றன. யார் குழி வெட்டுவது, யார் தேத்தண்ணி ஊற்றுவது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இறந்தவருக்கு இவ்வளவு ஒழுங்காகச் செய்யத் தெரிந்த சங்கத்தால், தனியே வாழ்பவரின் வீட்டுக்கு நாளுக்கு ஒருவர் எட்டிப் பார்க்க முறை வகுக்கவும், கிளினிக் நாளில் நான்கு பேருக்குச் சேர்த்து ஒரே ஆட்டோ பேசவும் நிச்சயமாக முடியும். இதை எங்கள் சங்கத்தில் சொன்னபோது, சந்தாப் பணத்தை உயிரோடிருப்பவர்களுக்குச் செலவழித்தால் பிறகு சாவுக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கவலைதான். ஆகவே நிதியைத் தொடாமல், ஆள் முறையை மட்டும் முதலில் நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆட்டோ கூலியை அவரவரே பகிர்ந்துகொள்வார்கள்.

தாத்தாவின் வீட்டுப் படிகளுக்குக் கைப்பிடிக் கம்பி கேட்டுப் பிரதேச சபைக்கு எழுதும் விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவர்கள் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகிறார்கள். எந்தெந்த வீட்டில் படி இறங்க முடியாத முதியவர்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியலை, ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் பழைய லயத்து வரிசைப்படி நினைவிலிருந்து சொல்லி, தாத்தாவே அவர்களுக்கு எழுதவைத்துக்கொண்டிருக்கிறார்.