ஒரு பீஸுக்கு ஒரு டிக்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுமினிய டை காஸ்டிங் செய்யும், அதாவது உருக்கிய அலுமினியத்தை டை என்ற உலோக அச்சில் செலுத்தி வார்க்கும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வருடா வருடம் டிரெயினியாக வந்து சேரும் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு தெரியாது என்று சொல்ல முடியாது, சூத்திரம் கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். ஆனால் ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்து, அதில் இருக்கும் இரண்டு குறைகளைக் காட்டி, "பொரோசிட்டிக்கும் கோல்ட் ஷட்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா, பாரு" என்றால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "ரெண்டும் ஒரே பீஸ்ல வந்ததே இல்ல சார், அதனால ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்ல."

அந்த "அதனால"வில்தான் வில்லங்கம். சேர்ந்து வரவே வராது என்றால் அவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். அம்பத்தூர் ஸ்டேஷனில் ஒருவர் சென்ட்ரல் போகும் வண்டியில் ஏறிவிட்டார் என்று தெரிந்தால், அதே நேரத்தில் அவர் ஆவடிப் பக்கம் போகவில்லை என்று சத்தியமே செய்யலாம். ஒன்றைத் தெரிந்துகொண்டதும் மற்றதைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறது, இதைப் போய் எப்படிச் சார்பில்லாதது என்பது? இரண்டுக்கும் நடக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு இருக்கும்வரை, விலக்கும் நிகழ்ச்சிகள் சார்பிலா நிகழ்ச்சிகளாக இருக்கவே முடியாது.

எண் போட்டால் சீக்கிரம் பிடிபடும். கணக்குக்காக 1000 பீஸ் என்று வைப்போம். பொரோசிட்டி, அதாவது உள்ளே காற்று மாட்டிப் பொத்தல் விழுந்தது, 60. கோல்ட் ஷட், இரண்டு பக்கமிருந்து வந்த உலோகம் சூடு போதாமல் சரியாக ஒட்டாத கோடு, 50. சார்பில்லை என்றால் இரண்டின் வாய்ப்பையும் பெருக்கலாம், அப்போது இரண்டும் சேர்ந்த பீஸ் 0.06 × 0.05 × 1000, சுமார் 3 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்து 14 வந்தால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வருகிறது என்று சந்தேகப்படலாம். பூஜ்யம் வந்தால்? அங்கேயும் அவசரப்படக் கூடாது. உண்மையிலேயே சார்பில்லாமல் இருந்தாலும் இந்த அளவுகளில் ஏறத்தாழ இருபதில் ஒரு தடவை பூஜ்யம் வரத்தான் செய்யும். விலக்கும் நிகழ்ச்சி என்று அடித்துச் சொல்ல, ஏன் சேர்ந்து வர முடியாது என்பதற்கு ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டு குறைக்கும் அப்படி ஒரு காரணமும் கிடையாது.

அப்புறம் ஏன் ரிஜிஸ்டரில் ஒன்றுகூடச் சேர்ந்து வரவில்லை? குறையைக் குறிக்கும் இன்ஸ்பெக்ஷன் சீட்டில் ஒரு பீஸுக்கு ஒரு டிக்தான் போட முடியும், அவ்வளவுதான் விஷயம். இன்ஸ்பெக்டர் முதலில் கண்ணில் பட்ட குறையை டிக் செய்துவிட்டு பீஸைச் சிவப்பு டப்பாவில் போடுவார், இரண்டாவது குறையை யாரும் தேடுவதில்லை. நாம் அச்சடித்த சீட்டே இரண்டையும் விலக்கி வைத்துவிட்டு, உலோகத்தின் மேல் பழி போடுகிறது.

இதைச் சொன்னதும் ஒரு டிரெயினி, நல்ல சுறுசுறுப்பான பையன், சிவப்பு டப்பாவைக் கவிழ்த்து இரண்டு குறையையும் தானே எண்ணுகிறேன் என்று கிளம்பினான். ஆர்வம் சரி, அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன கணக்கையே எடுங்கள். சார்பில்லை, சேர்ந்து வந்தவை 3, அப்படியானால் டப்பாவில் 60 + 50 - 3, மொத்தம் 107. அந்த 107-ஐ மட்டும் பார்த்துப் பெருக்கினால் 28 பீஸில் இரண்டும் இருக்க வேண்டும் என்று வரும், ஆனால் இருப்பது 3. இரண்டும் ஒன்றையொன்று துரத்துவது மாதிரித் தெரியும், நல்ல பீஸ்களைக் கணக்கில் சேர்க்காததால் வந்த மாயை அது. ஆஸ்பத்திரி நோயாளிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதில் இதே சிக்கல் இருப்பதை ஜோசப் பெர்க்சன் 1946-லேயே காட்டிவிட்டார்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்தானது, சார்பு இருப்பதை மறந்து பெருக்குவது. 1999-இல் இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாய், தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8543-இல் ஒன்று என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, இரண்டு குழந்தைகளும் அப்படி இறப்பது 7.3 கோடியில் ஒன்று என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஒரே பெற்றோர், ஒரே வீடு, எப்படிப் பெருக்கலாம்? ராயல் புள்ளியியல் சங்கம் 2001-இல் வெளிப்படையாகவே ஆட்சேபித்தது. மறைந்துகிடந்த ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவும் வெளியே வந்து, 2003-இல் தீர்ப்பு ரத்தானது.

சரி, எங்கள் டேபிளுக்கு வருகிறேன். சீட்டை மாற்றி, ஒவ்வொரு குறைக்கும் தனிக் கட்டம் கொடுத்தோம். பல வருடம் அங்கே நிற்கும் ஒரு அண்ணன் உடனே கேட்டார்: "ஒரு குறை இருந்தாலே பீஸ் போச்சு, ரெண்டாவதை எதுக்குத் தம்பி தேடணும்?" நியாயமான கேள்வி, அவருக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு இருக்கிறது. கடைசியில் ஷிப்டுக்கு ஒரு லாட்டில் மட்டும், நல்லது கெட்டது எல்லாவற்றையும் முழுசாகப் பார்ப்பது என்று முடிவானது. பார்த்தால் சேர்ந்து வந்தவை பெருக்கல் சொன்னதைவிட நிறைய, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மெஷின் ஸ்டார்ட் செய்து சற்று நேரத்துக்குள் விழுந்த பீஸ்கள். டை சூடாகாமல் இருந்தால் உலோகம் சீக்கிரம் இறுகிக் கோல்ட் ஷட் வரும், பீஸ் ஒட்டாமல் இருக்க டையில் அடிக்கும் ஸ்ப்ரேயின் ஈரமும் காயாமல் நின்று ஆவியாகிப் பொத்தல் போடும், இரண்டுக்கும் ஒரே தாய். அந்த பீஸ்களைத் தனியே எடுத்துவிட்டு மீதியைக் கணக்கிட்டால், கிட்டத்தட்ட பெருக்கல் சொன்ன அளவுதான் சேர்ந்து வந்திருந்தது.

டை சூடேறும்வரை அடிக்கும் ஷாட்டுகளை, அதாவது வார்ப்புகளை, கூடுதலாகக் கழித்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். புரொடக்ஷன்காரர்கள் கவுண்ட் குறையும் என்கிறார்கள், இன்னும் பேச்சு நடக்கிறது.