கராஜ் கதவின் அடி ரப்பர்: இந்தக் குளிருக்குத் தாக்குப்பிடிக்கிறது

இன்று காலை கனடாவில் எங்கள் ஏஜாக்ஸில் மைனஸ் 18. நேற்று மாலை காரோடு வந்த சேற்றுப்பனி முழுவதும் கராஜுக்குள் உருகி, கதவடியில் தேங்கி, இரவில் உறைந்திருந்தது. பொத்தானை அழுத்தினேன், ஒரு முனகலும் இல்லாமல் கதவு மேலே போனது. போன மாசியில் இதே நிலைமையில் கதவைத் தூக்கும் மோட்டாரான ஓப்பனர் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. அடி ரப்பரில் ஒரு துண்டு கிழிந்து தரையிலேயே ஒட்டிக் கிடந்தது. ஆகவே கார்த்திகையில் அடி ரப்பரை மாற்றிய வேலை பலித்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

கராஜ் தரையைக் கதவுப் பக்கமாகச் சாய்த்துத்தான் போடுகிறார்கள், தண்ணீர் வெளியே வடியட்டும் என்று. கோடையில் அது வசதி, குளிர்காலத்தில் வினை. சக்கர வளைவுகளில் அப்பிய பனி உருகி நேரே ரப்பருக்குத்தான் வருகிறது. வீதி உப்பு கலந்த தண்ணீர்தானே, உறையாது என்று நம்ப வேண்டாம். மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதாரண உப்பால் பெரிய பயன் இல்லை. மிருதுவான ரப்பரில் சிலிக்கோன் பூச்சும் இருந்தால் பனிக்கட்டிக்குப் பிடி கிடைக்காது. காய்ந்து வெடித்த வினைல் பிளாஸ்டிக் என்றால் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி உறைந்து, கதவையே தரையோடு பூட்டிவிடும்.

வினைலா, ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரா என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: ஈபிடிஎம். வினைல் மலிவு, ஆனால் குளிரில் விறைத்துப்போகும். எங்களுடையது 16 அடி இரட்டைக் கதவு. விறைத்த பட்டை அந்த நீளத்துக்குத் தரையின் மேடு பள்ளத்தோடு படியாது, நடுவில் வெளிச்சம் தெரியும். ஈபிடிஎம் இந்தக் குளிரிலும் வளைந்து கொடுக்கிறது.

அளவு விஷயத்தில்தான் தலைவலி. கதவின் அடியில் இருக்கும் அலுமினியப் பட்டையில் இரண்டு காடிகள் ஓடும், ரப்பரின் இரண்டு டீ (T) வடிவ விளிம்புகளும் அவற்றுக்குள் நுழைய வேண்டும். அந்த டீயின் அகலம் கால் அங்குலமாகவும் இருக்கலாம், 5/16 அங்குலமாகவும் இருக்கலாம். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். பெரியது சின்னக் காடிக்குள் போகாது, சின்னது பெரிய காடியிலிருந்து கழன்று விழும். பெரிய கடை ஒன்றில் ‘எல்லாக் கதவுக்கும் பொருந்தும்’ என்று அச்சடித்த பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள், டீ அளவு எங்குமே போடவில்லை. ஒரு விளிம்பின் அளவைப் போட இவர்களுக்கு என்ன கஷ்டம்? பழைய ரப்பரில் ஒரு துண்டு வெட்டி, வெர்னியர் வைத்து அளந்து, கராஜ் கதவுச் சாமான் மட்டும் விற்கும் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே இருந்தவர் பார்த்த உடனேயே ‘5/16, நாலு அங்குல அகலம்’ என்றார். சுருளிலிருந்து அடிக்கணக்கில் வெட்டித் தருகிறார்கள். 16 அடிக் கதவுக்கு 17 அடி வாங்குங்கள்.

இனி கோர்க்கும் வேலை. பாவாடை நாடா கோர்ப்பது போலத்தான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு நாடா, பதினாறு அடிக்கு. ஒன்று முன்னே போய் மற்றது பின்தங்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே இறுகிவிடும். வேலை முழுவதும் இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது.

ஓப்பனரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, கதவை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் ரோலருக்குக் கீழே, கதவு இறங்காதபடி, லொக்கிங் பிளையர் (கவ்விப் பூட்டும் குறடு) மாட்டினேன். பழைய ரப்பர் உருவ வரவில்லை. நடுவில் நீளவாக்கில் பிளந்து, இரண்டு விளிம்பையும் தனித்தனியாக இழுத்தபோதுதான் வந்தது. காடிக்குள் உப்பும் வெள்ளைத் துருவும் கல்லாக இறுகியிருந்தன. இதைச் சுத்தம் செய்யாமல் புது ரப்பரைத் திணிப்பதில் அர்த்தமே இல்லை. பழைய பல் தூரிகையால் தேய்த்து, தட்டையான ஸ்க்ரூடிரைவரால் காடி நெடுகச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தேன். சவர்க்காரத் தண்ணீர் போதும் என்பார்கள். கோடையில் சரி, குளிர் தொடங்கியபின் அது காடிக்குள்ளேயே உறையும். பட்டையின் நுழைவாயிலை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் விரித்துக்கொண்டால் கூரான அலுமினிய விளிம்பு ரப்பரைச் சீவாது.

ரப்பர் முந்தின இரவு முழுக்க வீட்டுக்குள் விரித்துக் கிடந்தது. மடிப்பு விழுந்த ரப்பர் ஒவ்வொரு மடிப்பிலும் சிக்கும். மனைவியின் தம்பி மறுமுனையில் நின்றான். ‘அத்தான், நான் இழுக்கிறன், நீங்க விடுங்கோ’ என்று அவசரப்பட்டான். ‘இழுக்காதை தம்பி, நான் தள்ளுறன், நீ வழிகாட்டினால் போதும்’ என்றேன். காரணம் இருக்கிறது. இழுத்தால் ரப்பர் நீளும். நீண்டபடியே வெட்டிப் பொருத்தினால் சில நாளில் பழைய நீளத்துக்குச் சுருங்கி, இரண்டு மூலையிலும் எலி நுழைகிற அளவு ஓட்டை விட்டுவிடும். ஆகவே தள்ளுபவர் ஒரு கை அளவு ஊட்ட வேண்டும், மறுமுனையில் இருப்பவர் இரண்டு டீயும் சமமாக வருகிறதா என்று பார்த்து மெல்ல வாங்க வேண்டும். முடிந்தபின் இரு முனையிலும் ஓர் அங்குலம் விட்டு வெட்டி, அந்த மிச்சத்தை உள்ளே மடித்தேன். அப்புறம் அலுமினியக் காடியின் வாயைப் பிளையரால் லேசாக நசுக்கிவிட்டேன். இதைச் செய்யாவிட்டால் கதவு ஏறி இறங்க இறங்க ரப்பர் ஒரு பக்கமாக ஊர்ந்து வெளியே வரும்.

ரப்பரின் அடியில் சிலிக்கோன் ஸ்ப்ரே, குளிர்காலம் முழுக்க அவ்வப்போது. பெட்ரோலிய கிரீஸ் வேண்டவே வேண்டாம், ஈபிடிஎம் ஊதி உப்பிவிடும். அப்படியும் கதவு உறைந்தால் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தக் கூடாது. ஓப்பனரின் பற்சக்கரம் போகும், இல்லை ரப்பர் கிழியும். பிளாஸ்டிக் சுரண்டியும் தலைமுடி உலர்த்தியும் போதும். சுடுதண்ணீர் ஊற்றினால் அதுவே அடுத்த உறைவுக்கு அடித்தளம்.

மற்ற வேலைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். கீல்களுக்கும் ஸ்பிரிங்குக்கும் ரோலர் பேரிங்குக்கும் வெள்ளை லித்தியம் ஸ்ப்ரே, தண்டவாளத்தைத் துடைப்பதோடு சரி. வழக்கமான டபிள்யூடி-40 டின்னை இதற்கு எடுக்காதீர்கள். பழைய கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும், பின்னால் எதுவும் தங்காது. கதவை மூடிவைத்து, ஓப்பனரிலிருந்து கதவை விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கையால் பாதிவரை தூக்கிப் பார்த்தேன், அங்கேயே நின்றது. நிற்காமல் விழுந்தால் ஸ்பிரிங் வேலை, அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். கதவின் எடையைத் தாங்கும் டோர்ஷன் (முறுக்கு) ஸ்பிரிங்கையும் கேபிள் மாட்டியிருக்கும் அடிமூலைப் போல்ட்டுகளையும் நான் தொடுவதே இல்லை, உயிர் போகிற விசை அதில் இருக்கிறது. சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுள் 10,000 முறை என்று கணக்கு. நாளுக்கு நாலு தடவை திறந்தால் ஏழு வருடம். எங்களுடையது அந்த வயதை நெருங்குகிறது, பங்குனியில் மாற்றச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: மேற்குப் பார்த்த கதவுக்காரர்களுக்கு மார்கழி மாலையில் கதவு பாதியில் திரும்பி ஏறினால், ரப்பரைச் சந்தேகிக்குமுன் தரையோரக் கண்களை, அதாவது குறுக்கே ஏதும் இருந்தால் கதவை நிறுத்தும் சென்சர்களை, பாருங்கள். தாழ்ந்த வெயில் வாங்கும் கண்ணில் நேரே விழுந்தால் அது குழம்பும். அனுப்பும் கண்ணையும் வாங்கும் கண்ணையும் இடம் மாற்றி, வாங்குவதை நிழல் பக்கம் வைத்தால் தீரும். எதிர் வீட்டில் அப்படித்தான் சரிசெய்தோம்.

அடுத்து குளிரைத் தடுக்கக் கதவுக்குள் பொலிஸ்டைரீன் பலகை வைக்க ஆசை. கராஜுக்கு மேலேதான் மகளின் அறை, தரை சில்லிடுகிறது. ஆனால் பலகையின் எடை ஏறினால் ஸ்பிரிங் சமநிலை கெடும், ஆகவே ஸ்பிரிங் மாற்ற வருபவரிடம் முதலிலேயே எடையைச் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங் போடச் சொல்வேன். பக்கவாட்டு வினைல் பட்டை இன்னும் இடது பக்கம் அடிக்கவில்லை. இந்தக் குளிரில் ஆணி அடித்தால் வினைல் வெடிக்கும். ஈபிடிஎம் இதழ் வைத்த பட்டை அந்தக் கடையில் தை மாதம் வருமாம், அதற்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.