நேரம் போட்ட சீட்டுகள்

மார்ச் 27, வியாழன்

மே மாதப் பயணத்துக்கான முதல் டிக்கெட்டை இன்று வாங்கிவிட்டேன். விமானமும் இல்லை, ஓட்டலும் இல்லை. மிலானில் சாந்தா மரியா டெல்லே கிராட்சியே மடத்தின் பழைய உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ டா வின்சி வரைந்த ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தைப் பார்க்க, மே 14 புதன்கிழமை காலை 10.30க்கு, அப்பாவுக்கும் எனக்கும்.

இதற்கான சீட்டுகளை மூன்று மூன்று மாதங்களாகச் சேர்த்துத் திறந்துவிடுகிறார்கள். திறந்ததும் வாங்கிவிட வேண்டும். ஒரு முறைக்கு 40 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை, அதுவும் 15 நிமிடம்தான். காரணம் ஓவியத்திலேயே இருக்கிறது. ஈரச் சுண்ணாம்பில் வரைய வேண்டியதை லியோனார்டோ உலர்ந்த சுவரில் வரைந்தார். விரைவிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1999இல் முடிந்த கடைசிச் சீரமைப்புக்கு மட்டும் இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. பார்க்க வருகிறவர்களின் மூச்சுக்காற்றின் ஈரம்கூட அந்தச் சுவருக்குக் கெடுதல்.

விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. விமானம் தினமும் பறக்கிறது. இந்தச் சுவர் உலகத்தில் ஒன்றுதான், திங்கட்கிழமைகளில் அதையும் மூடிவிடுவார்கள். கிடைக்க அரிதானதை முதலில் பிடித்துவிட்டு, ஊர்களின் வரிசையை அதற்கு ஏற்றபடி அமைக்கப் போகிறேன். இப்போதைக்கு மிலான், ஆம்ஸ்டர்டாம், வியன்னா, பார்சிலோனா என்று மனதில் இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

நாளை காலை ஆம்ஸ்டர்டாம் நேரம் பத்து மணிக்கு, நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் இல்லத்துக்கான சீட்டுகள் திறக்கின்றன. வாசலில் டிக்கெட் விற்பனையே கிடையாது, எல்லாம் அவர்களுடைய இணையதளத்தில்தான். செவ்வாய்க்கிழமைதோறும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கானவற்றை விடுவிக்கிறார்கள்.

அதற்காக இன்று மாலை முழுவதும் ஆயத்தம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்தது நல்லதாகப் போயிற்று, அது அணைந்துதான் கிடந்தது. பணம் கட்டும் கட்டத்தில் ஓடிபி வரும், அதனால் சிக்னல் நன்றாக வரும் இடத்தில் உட்கார வேண்டும். பெயர் கேட்கும் தளங்களில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து தர வேண்டும். ரோமில் கொலோசியம் போன்ற இடங்களில் சீட்டிலுள்ள பெயரையும் கையிலுள்ள அடையாள ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எங்கள் இருவரின் பெயரையும் ஒரு கோப்பில் சரியாகத் தட்டி வைத்துக்கொண்டேன். நாளை அதிலிருந்து எடுத்து ஒட்டினால் போதும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கிடைக்கவில்லை.

பத்து மணிக்குச் சரியாக வந்து உட்கார்ந்தேன் என்றுதான் நினைத்தேன். தளத்தில் வரிசை ஏதும் இல்லை, நேரே உள்ளே போக முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் நினைத்திருந்த மே 17, 18 இரண்டு நாளும் சாம்பல் நிறமாகி அழுத்த முடியாமல் கிடந்தன. மற்ற நாட்களிலும் சீட்டு ஒற்றை ஒற்றையாகத்தான் இருந்தது. பிறகுதான் புரிந்தது: மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, அதாவது நேற்று முன்தினம், ஐரோப்பா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியிருக்கிறார்கள். நான் நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு எழுதி வைத்தது போன வாரம். நான் பத்து என்று நினைத்தபோது அங்கே பதினொன்று.

கடிகாரத்தை மாற்றாத நாடுகளிலிருந்து பதிவு செய்கிறவர்கள் இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அந்த வாரங்களில் பழைய கணக்கை நம்பவே கூடாது. அந்த ஊரின் பெயரைப் போட்டு அங்கே இப்போது மணி என்ன என்று அன்றே தேடிப் பார்த்துவிடுங்கள்.

அப்பாவிடம் சொன்னேன். “சரி விடும்மா, அடுத்த செவ்வாயும் வரும்ல” என்றார். ஆன் ஃபிராங்க் வாழ்ந்த அறையைப் பார்க்க வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பவரே அவர்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கிடைத்தது! மே 22 வியாழன் மாலை 6.45.

இந்த முறை கால் மணி நேரம் முன்னதாகவே தளத்தைத் திறந்து வைத்துவிட்டேன். பத்தானதும் வரிசையில் ஓர் எண் வந்தது, கூடவே பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை. அந்தச் சமயத்தில் கை துடிக்கும், அழுத்தக் கூடாது. ஏறத்தாழ முப்பது நிமிடம் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

ஆம்ஸ்டர்டாம் இரண்டாவது ஊராக இருந்தது, இப்போது கடைசிக்குப் போய்விட்டது. மிலான், வியன்னா, பார்சிலோனா, ஆம்ஸ்டர்டாம். விமானம் போடாமல் வைத்திருந்ததால் ஒரு நஷ்டமும் இல்லை. இன்று இரவே விமானத்தையும் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு இன்று வாங்கினேன். மே 19, மாலை ஆறு மணி. களைப்பாக இருந்ததால் தேடலில் முதலில் வந்ததை அழுத்தினேன். கோயிலின் பெரிய படம், பெயர், எல்லாம் இருந்தது. பணம் கட்டினேன். வந்த மின்னஞ்சலில் சீட்டு இல்லை. ‘உங்கள் நேரம் விரைவில் உறுதிசெய்யப்படும்’ என்று மட்டும் இருந்தது. அது விளம்பரமாக வந்த ஓர் இடைத்தரகர் தளம்.

ஏப்ரல் 14, திங்கள்

மாலை ஆறு கிடைக்கவில்லையாம், காலை ஒன்பது தந்திருக்கிறார்களாம். பணம் திரும்பாது என்று விதிமுறையில் இருப்பதாகப் பதில் வந்தது. போய்ப் பார்த்தேன், இருக்கிறது, கீழே சின்ன எழுத்தில்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு என்று கேள்விப்பட்டு அதை நம்பியிருந்தேன். தேதி குறித்த பொழுதுபோக்குச் சீட்டுகளுக்கு அந்த உரிமை பொருந்தாது. அரங்கம் ஓர் இருக்கையை நமக்காக ஒதுக்கிவிட்டால் அதைக் கடைசி நேரத்தில் வேறு யாருக்கும் விற்க முடியாது, அதனால் இந்த விலக்கு. நியாயம்தான். ஆனால் நான் கேட்ட நேரத்தையே தராதவருக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்? நான்கு மின்னஞ்சல் எழுதிய பிறகு பாதித் தொகையைத் தந்தார்கள்.

கோயிலின் சொந்தத் தளத்தில் அதே மாலை ஆறு மணி காலியாக இருந்தது, விலையும் குறைவு. அதையே வாங்கிவிட்டேன். இது என்னை இன்னும் வருத்துகிறது. எல்லா இடைத்தரகர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். வழிகாட்டியோடு போக விரும்புகிறவர்களுக்கு நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் வெறும் நுழைவுச்சீட்டு என்றால் அந்த இடம் நடத்தும் தளத்தில் முதலில் பாருங்கள். பணம் கட்டும் முன், கையில் வரப்போவது சீட்டா அல்லது வெறும் வவுச்சரா என்று படித்துவிடுங்கள்.

மாலை ஆறு எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், கட்டடக் கலைஞர் கௌதியின் அந்தக் கோயிலில் கண்ணாடிகளின் நிறம் திசையைப் பொறுத்தது. காலை வெயில் விழும் பக்கம் நீலமும் பச்சையும். மாலை வெயில் விழும் பக்கம் ஆரஞ்சும் சிவப்பும். எந்த நேரத்துக்குச் சீட்டு வாங்குகிறோமோ அந்த நிறத்தைத்தான் பார்க்கப் போகிறோம். அப்பாவுக்குச் சிவப்பைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

கோபுரச் சீட்டு தனி. லிஃப்டில் ஏற்றிவிடுவார்கள், இறங்குவது குறுகிய சுழல் படியில். அப்பாவின் முழங்கால் தாங்காது. வாங்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

வியன்னா அரசு ஓபரா, பாட்டாலேயே நடக்கும் நாடகங்களுக்கான அரங்கம். அப்பாவுக்கு மட்டும் தரைத்தளத்தில் பின்வரிசை இருக்கை ஒன்று, மே 16க்கு. எனக்கு வாங்கவில்லை. அங்கே நின்று பார்க்கும் இடங்கள் உண்டு, மிகக் குறைந்த விலை, அன்றைக்கென்று விற்பவை. தரைத்தளத்தில் அந்த இடம் இருக்கைகளுக்கு நேர் பின்னால். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நான் நிற்கலாம்.

இருக்கை வரைபடத்தை ஒரு மணி நேரம் பார்த்திருப்பேன். பெட்டி போன்ற பக்கவாட்டு அறைகளில் இரண்டாம், மூன்றாம் வரிசைகள் ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவு. அங்கே உட்கார்ந்தால் பாட்டு கேட்கும், மேடை பாதிதான் தெரியும். ‘பார்வை குறைவு’ என்று தளத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆயுளில் ஒரு முறை போகிறவருக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மே 10, சனி

எல்லாச் சீட்டையும் பிடிஎஃபாக இறக்கித் தொலைபேசியில் வைத்தேன். நெட் இல்லாமலே திறக்கிறதா என்று தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தாளிலும் ஒரு பிரதி, தேதி வரிசையில், அப்பாவின் பையில். ரோமிங்கில் ஓடிபி வருகிறதா என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் முக்கியமான எதையும் அங்கே வாங்குவதற்கென்று விட்டுவைக்கவில்லை.

மே 14, புதன், மிலான்

அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடிக் கதவுகள். முன் கதவு மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கிறது, வெளித் தூசியும் ஈரமும் உள்ளே போகாமலிருக்க. பிறகு அந்தக் கூடம்.

15 நிமிடம் குறைவு என்று நினைத்திருந்தேன். யாரும் தள்ளவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்பா நடுவிலிருந்த இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீடரின் கையையும் தனித்தனியாகப் பார்த்தார். கூட்டம் நெரியும் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட இது அதிகம்.

வெளியே ஒரு குடும்பம் சீட்டு கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள்.

மே 16, வெள்ளி, வியன்னா

ஓபரா வாசலில் பழங்காலப் பொய்முடியும் நீண்ட கோட்டும் அணிந்தவர்கள் டிக்கெட் விற்கிறார்கள். அது வேறு மண்டபங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கு. இந்த ஓபராவுக்கான சீட்டு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

நின்று பார்க்கும் சீட்டு கிடைத்தது. பணம் கட்டும் கருவி, யூரோவிலா உங்கள் நாட்டுப் பணத்திலா என்று கேட்டது. யூரோ. எப்போதும் அந்த ஊர்ப் பணம்தான். நம் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கருவியின் பின்னால் இருப்பவர் தீர்மானிப்பார், அது நமக்குச் சாதகமாக இருக்காது.

உள்ளே போனதும் கைப்பிடிக் கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. துணியைக் கட்டிவிட்டு வெளியே உலாவலாம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். பல காலமாக இருந்துவரும் வழக்கம் இது. என் துப்பட்டாவைக் கட்டினேன். முன்னாலிருந்த சின்னத் திரையில் பாட்டின் பொருள் ஆங்கிலத்தில் ஓடியது. இரண்டு அங்கம் முடிந்து இடைவேளையில் அப்பா எழுந்து வந்து, “நீ கொஞ்ச நேரம் உட்காரும்மா” என்றார். வேண்டாம் என்றேன். கால் வலித்தது உண்மைதான், ஆனால் அங்கிருந்து அவருடைய தலை ஆடுவது தெரிந்தது.

மே 19, திங்கள், பார்சிலோனா

சிவப்பு. தூண்களின் பாதி உயரம் வரை. வந்தவர்களின் முகங்களிலும் சட்டைகளிலும். ஆறு மணிக்கு நுழைந்து மூடும் வரை உட்கார்ந்திருந்தோம். 1882இல் தொடங்கிய கட்டடம், அரசுப் பணத்தில் கட்டுவதில்லை. நன்கொடையும் நுழைவுச்சீட்டுப் பணமும்தான். நாங்கள் கட்டியதும் அந்தக் கற்களில் எங்கோ சேரும் என்பது அப்பாவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மே 22, வியாழன், ஆம்ஸ்டர்டாம்

பகலில் வேறெதுவும் வைக்கவில்லை. ஒரு நாளைக்கு நேரம் குறித்த சீட்டு ஒன்று போதும் என்பது இந்தப் பயணம் முழுக்க நாங்கள் கடைப்பிடித்தது. அப்பா மதியம் தூங்கினார். 6.45க்கு ஆன் ஃபிராங்க் இல்லத்தின் வாசலில் நின்றோம்.

புத்தக அலமாரிக்குப் பின்னால் தொடங்கும் படி மிகவும் செங்குத்து. இதை முன்பே படித்திருந்தோம், கஷ்டமாக இருந்தால் கீழேயே இருந்துவிடுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறிவிட்டார். சில பேரைச் சில பேராக விடுவதால் பின்னாலிருந்து யாரும் நெருக்கவில்லை. மாலை நேரம் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம், கூட்டம் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அறைகளில் சாமான் எதுவும் இல்லை. ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்க் அப்படியே காலியாக இருக்கட்டும் என்று சொன்னாராம். புகைப்படம் எடுக்கவும் அனுமதி இல்லை. 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை ஆனின் குடும்பம் ஒளிந்திருந்த இடம். சுவர்க் காகிதத்தில் ஒரு மூலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஒளிந்திருந்த நாட்களில் பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோர் அளந்து குறித்த கோடுகள். அப்பா அங்கே நின்றுவிட்டார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது எட்டரை மணி, இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் ஓர் இளம் தம்பதியர் காவலரிடம் சீட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் இணையதள முகவரி எழுதிய பலகையைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை பத்து மணி, ஆறு வாரம் முன்னால் என்று அவர்களிடம் சொன்னேன். நாளை காலை ஊருக்குக் கிளம்புகிறார்களாம். கால்வாய்க் கரையில் அப்பாவோடு மெதுவாக நடந்து வந்தேன்.

நாளைக்கு எந்தச் சீட்டும் இல்லை. அவர் எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.