குவாதலூப்பில் சைக்கிள்: கிரான்-ஃபோன் பக்கம் வாருங்கள்

கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு குவாதலூப்புக்கு ரோடு பைக்கோடு போகிறேன் என்றதும், பாரிஸில் எங்கள் கிளப் ஆட்கள் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: மாமெல் கணவாய். பாஸ்-தேர் காட்டை நடுவே கடந்து போகும் டி23 சாலை, உச்சி சுமார் 600 மீட்டர். நானும் ஏறினேன், நல்ல ஏற்றம்தான். ஆனால் இந்தத் தீவில் சைக்கிளுக்கு எது சிறந்த இடம் என்று யார் கேட்டாலும், நான் கிரான்-ஃபோன் என்றுதான் சொல்வேன். சுற்றுலாக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப வருத்தம்.

குவாதலூப் என்பது ஒட்டி நிற்கும் இரண்டு நிலங்கள். நடுவே ஒரு குறுகலான உப்புநீர்க் கால்வாய், மேலே பாலங்கள். மேற்கே பாஸ்-தேர், 1,467 மீட்டர் சூஃப்ரியேர் எரிமலை அங்கேதான். கிழக்கே கிரான்-தேர், சுண்ணாம்புக்கல் நிலம், கரும்புக் காடு, வெள்ளை மணல். கிரான்-தேர் முழுக்க மட்டம் என்று கையேடுகளில் போட்டிருக்கும். அதன் தென்மேற்கு மூலையில் லெ கோசியேர், சேந்த்-ஆன், மொர்ன்-ஆ-லோ ஊர்களுக்கு நடுவே கிடக்கும் குன்றுப் பகுதிதான் கிரான்-ஃபோன். எந்தக் குன்றும் 150 மீட்டரைத் தொடாது. ஆனால் சாலை ஒவ்வொரு குன்றின் தலையிலும் நேராக ஏறி, மறுபக்கம் நேராக இறங்கும். வளைத்துப் போட்டுச் சுலபமாக்கும் பழக்கமே அங்கே இல்லை.

ஒரு ஏற்றம் நானூறு மீட்டர் நீளம் இருக்கும், சில நேரம் அதுகூட இருக்காது. ஆனால் சரிவு 15 சதவீதத்தைத் தாண்டும். என் சைக்கிளின் மிக இலகுவான கியரில் முன் சக்கரப்பல் 34, பின்னால் 32. அதிலும் எழுந்து நின்றுதான் மிதித்தேன். மேலே போனதும் காற்று முகத்தில் அடிக்கும், தூரத்தில் கடல் ஒரு கீற்றாகத் தெரியும், மூச்சு வாங்குவதற்குள் இறக்கம் தொடங்கிவிடும். கீழே குளிர்ந்த பள்ளத்தாக்கு, ஈரப்பலா மரங்களும் மாமரங்களும், சாலையோரம் நீளக் கயிற்றில் கட்டிய மாடுகள், அவற்றின் காலடியில் வெள்ளைக் கொக்குகள். அந்த இறக்கத்தின் வேகத்தை அடுத்த மேட்டுக்குக் கொஞ்சமாவது எடுத்துப் போகத் தெரிய வேண்டும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு பெரிய கணவாய் ஏறிய களைப்பு வந்துவிடும், மனசு மட்டும் இன்னொரு சுற்று கேட்கும்.

அங்கே ஓட்டுவதில் இன்னொரு சந்தோஷம் மனிதர்கள். இது சைக்கிளை நேசிக்கும் தீவு, சாதாரணமாக அல்ல, உயிராக. 70 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே டூர் என்ற சைக்கிள் பந்தயம் நடக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் பத்து நாள் போல ஊர் ஊராகப் போகும், சாலையோரம் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்களாம். 2011-இல் டூர் த பிரான்ஸில் ஓடிய முதல் கறுப்பின வீரர் யோஆன் ஜென், இந்தத் தீவின் புவேன்-ஆ-பித்ரில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கிளப் கூட்டம் என்னைப் பிடித்தது. கடந்து போகாமல், "போன்ஜூர், எங்களோடு வாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் எனக்கு முன்னால் போய்க் காற்றை மறைத்துக் கொடுத்தார். "எந்த ஊர்?" என்றார். பாரிஸ், பூர்வீகம் பாண்டிச்சேரி என்றேன். "அப்போது காபெஸ்தேருக்கு நீங்கள் போயே ஆக வேண்டும்" என்று வழி சொன்னார். மேட்டில் நான் பின்தங்கியபோது, வீட்டு வாசலில் காபியோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா "அலே, அலே!" என்று கைதட்டினார். அந்தக் கைதட்டலில் கேலி துளியும் இல்லை. இந்த ஊரில் சைக்கிளில் மேடு ஏறுகிறவருக்கு அது ஒரு உரிமை மாதிரி கிடைக்கிறது.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாணிபக் காற்று கிழக்கிலிருந்து வருகிறது, ஓய்வே கிடையாது. சேன்-பிரான்சுவாவிலிருந்து தீவின் கிழக்கு முனையான புவேன்த் தெ ஷாத்தோவுக்குச் சாலை பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான், ஒரே நேர்கோடு, முழுக்க எதிர்காற்று. போகும்போது ஹேண்டில்பாரில் குனிந்தே இருந்தேன். முனையில் பாறைமேல் ஒரு பெரிய சிலுவை, எதிரே தெசிராத் தீவு. திரும்பும்போது பெடலைத் தொட்டாலே போதும். காலையில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, களைத்தபின் அதோடு திரும்பும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

மாமெல் பக்கம் ஈரம், மழை, பாசி. வழியில் எக்ரெவிஸ் அருவி அருகே வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும், சட்டென்று திறக்கும் கதவுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அப்புறம் மேற்குக் கடலுக்கு இறங்கும் சாலை அழகு. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

பெரியவர் சொன்ன காபெஸ்தேருக்குப் போனேன். ஊரையொட்டி துமனுவார் சாலை, இரண்டு பக்கமும் வானுயர்ந்த பனை இனத்து மரங்கள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரிசையாக. அதன் நடுவே ஓட்டிப் போவதே ஒரு சுகம். ஷாங்கி என்ற இடத்தில், பெரிய சாலையோரத்திலேயே வண்ணச் சிற்பங்களோடு கோயில். உள்ளே அம்மன், இங்கே மாலியெமேன் என்று கூப்பிடுகிறார்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பலில் இந்தியாவிலிருந்து முதல் கூலிகள் வந்து இறங்கினார்கள். 1889 வரை 40,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள், பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் அதில் ஏராளம். அவர்களுக்குக் குடியுரிமை கேட்டு 1904-இல் வழக்குத் தொடங்கி, இருபது வருடம் போலப் போராடிய ஆன்ரி சிதம்பரம் இந்தக் காபெஸ்தேர்க்காரர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றேன். வழியெல்லாம் நான் பார்த்து வந்த கரும்பு அதன்பிறகு எனக்கு வெறும் பயிராகத் தெரியவில்லை.

நான் போனது பிப்ரவரியில், மழை குறைந்த காலம். கரும்பு வெட்டு தொடங்கினால் லெ மூல் பக்கம் கார்தெல் ஆலைக்குப் பெரிய லாரிகள் போகும், சாலையில் கரும்புத் துண்டுகள் சிதறிக் கிடக்கும், திருப்பங்களில் நிதானம் வேண்டும். அலுவலக நேரத்தில் ஜாரி தொழிற்பகுதியையும் பாலங்களையும் தவிர்த்துவிடுங்கள், நெரிசல் தாங்காது. டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் திரும்பிவிடலாம், அதற்கு மேல் வெயில் ஆளை உருக்கும். வழியில் மரத்தொட்டியில் கையால் சுற்றி எடுக்கும் தேங்காய் ஐஸ் கிடைத்தால் விடாதீர்கள், பட்டையும் எலுமிச்சைத் தோலும் மணக்கும். தங்குவதற்குச் சேந்த்-ஆன் வசதி. வீட்டில் மற்றவர்கள் கடலில் இறங்கட்டும், நீங்கள் வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே முதல் மேடு.