வார்டு ஸ்டோர் ரூமில் இடமில்லையா?

ஸ்டோர் ரூமில் இடம் போதவில்லை என்று எந்த மருத்துவமனையில் சொன்னாலும், முதலில் காலாவதியான மருந்தையும் உடைந்த ஐவி ஸ்டாண்டையும் வெளியே எடுங்கள் என்றுதான் சொல்வேன். அப்புறம் அடுக்கும் முறை. முதலில் வந்தது முதலில் போகட்டும் என்பது அரிசி பருப்புக்குச் சரி, மருந்தில் எது முதலில் காலாவதியாகுமோ அதுதான் முன்வரிசை, நேற்று வந்த பெட்டியாக இருந்தாலும். சலைன் பெட்டிகள் கனம், கீழேதான் வைக்க வேண்டும், ஆனால் வெறுந்தரையில் வேண்டாம், பலகை போட்டு, சுவரை ஒட்டாமல், இல்லையென்றால் ஈரம் ஏறும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் உருகிய பிறகும் போடக் கூடாது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல், அதாவது அந்த ஊசி மருந்து இருக்கும் சின்னக் குப்பி. பார்க்க டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் மாதிரியே இருக்கும், நீர்க்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். தயவுசெய்து இடமில்லை என்று இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள் சிஸ்டர். தனிப் பெட்டி, சிவப்பு லேபிள், பூட்டு. முடிந்தால் சாதாரண வார்டில் வைக்கவே வேண்டாம், ஃபார்மசியிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.