சால்மன் குஞ்சுக்கு ஊசி போடும் பருவம்

நோர்வேயில் சால்மன் குஞ்சைக் கடல் கூட்டுக்கு அனுப்புவதென்றால் புரங்குலோசிஸ், விப்ரியோசிஸ், குளிர்நீர் விப்ரியோசிஸ் என்ற மூன்று பக்டீரியா நோய்களுக்குமாவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அது சட்டம். நாங்கள் போடும் மருந்தில் குளிர்காலப் புண்ணை உண்டாக்கும் மொரிட்டெல்லாக் கிருமியும் சேர்ந்திருக்கிறது. எல்லாம் கொல்லப்பட்ட கிருமிகள், எண்ணெயில் குழைத்தவை, பார்க்கப் பால் நிறம். குஞ்சுக்கு 0.05 மில்லிலீற்றர்.

நடு நோர்வேயின் துரொண்டெலாக் கரையில் இருக்கும் எங்கள் குஞ்சுப் பண்ணையில், ஊசியைக் கையில் எடுக்க முதலே பாதி வேலை இருக்கிறது. மீன் சுகாதாரம் பார்ப்பவர் வந்து சில குஞ்சுகளை அறுத்துப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். நோயோடிருக்கும் மீன் ஊசியின் அலைச்சலையே தாங்காது. பிறகு தீனியை நிறுத்துவோம். வயிறு காலியாக இருந்தால்தான் குடலில் குத்துப்படாது, மயக்கத் தொட்டியும் அழுக்காகாது. அளவு பிரிப்பது அலுப்பான வேலை. ஆனால் 40 கிராம் குஞ்சும் 90 கிராம் குஞ்சும் ஒன்றாகக் கிடந்தால் எந்த நீள ஊசியும் பொருந்தாது. மருந்துப் பை இருப்பது 2 முதல் 8 பாகைக் குளிரில். நேரத்தோடு வெளியே எடுத்து வைக்காவிட்டால் எண்ணெய் தடித்துப்போய், ஊசித் துவக்கை அழுத்த விரல் நோகும்.

பெரிய பண்ணைகளில் கமரா பூட்டிய இயந்திரமே குஞ்சை அளந்து குத்துகிறது. நாங்கள் இன்னும் கையால்தான். பென்சோகெயின் என்ற மயக்க மருந்து கலந்த தொட்டியில் குஞ்சு புரண்டு, வாலை நசுக்கினாலும் துடிக்காமல், செவுள் மட்டும் அசையும் நிலையில் மேசைக்கு வரும். வயிற்றுச் செட்டையின் அடியிலிருந்து தலைப்பக்கமாக ஒரு செட்டை நீளம், நடுக்கோடு. அதுதான் இடம். எனக்குப் பழக்கிய அண்ணை சொன்னது ஒன்றே ஒன்று: "தம்பி, மீனைப் பாராதை, செட்டையைப் பார்."

ஊசி ஆழம் போதாவிட்டால் மருந்து தசையில் தங்கும். பாதுகாப்பும் குறையும், வளர்ந்த மீனின் சதையில் கறுப்புப் புள்ளியும் விழும். அளவுக்கு மீறி ஆழம் போனால் உள்ளுறுப்பில் படும். சரியாகப் போட்டாலும் எண்ணெய் வயிற்றுக்குள் உறுப்புகளை ஓரளவு ஒட்ட வைக்கத்தான் செய்யும். அதை அளக்க 0 முதல் 6 வரை ஸ்பைல்பெர்க் அளவுகோல் இருக்கிறது. கை பழகினவர்கள் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் போடுவார்கள். மேற்பார்வையாளர் இடையிடையே சில குஞ்சுகளை அறுத்து, வெள்ளைத் துளி எங்கே கிடக்கிறது என்று பார்ப்பார். வேகத்தைவிட அந்தத் துளியைத்தான் நான் நம்புவேன்.

சொந்த விரலில் குத்துப்பட்டால் "சின்னக் காயம்தானே" என்று விடவே கூடாது. எண்ணெய் மருந்து என்பதால் விரலையே இழக்க நேரிடலாம். மருந்துத் தாளையும் எடுத்துக்கொண்டு உடனே டொக்டரிடம் போக வேண்டும்.

அண்ணை இந்தத் தொழிலுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். 1985இல் ஸ்கொட்லாந்திலிருந்து இறக்கிய குஞ்சுகளோடு புரங்குலோசிஸ் வந்து பரவிய காலம் அது. அப்போது தீனியோடு அன்டிபயோட்டிக் கலந்து கொட்டுவார்களாம். 1987இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 50 தொன். அன்றைய சால்மன் உற்பத்தியும் 50 ஆயிரம் தொன் அளவில்தான். இன்று பத்து லட்சம் தொன்னுக்கு மேல் மீன் வருகிறது, அன்டிபயோட்டிக் ஒரு தொன்கூட இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த எண்ணெய் ஊசிதான் இதற்கு முதற் காரணம்.

ஊசி போட்ட கையோடு கடலுக்கு அனுப்ப முடியாது. பொதுவாக 500 பாகைநாள் காத்திருக்க வேண்டும்; அதாவது நாள்தோறும் தண்ணீர் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். 12 பாகையில் ஆறு கிழமை, 8 பாகையில் இரண்டு மாதம். எங்கள் தண்ணீர் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்திருந்த ஒரு வருடம், மீன் ஏற்றும் கப்பலை மேலிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டது. கணக்குத் தாளைக் காட்டி வாதாட வேண்டியிருந்தது. கப்பல்தான் தள்ளிப்போனது. காத்திருக்கும் நாட்களில் தீனி எடுப்பது குறையும், ஊசிபட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கவும் பார்க்கும். செத்ததைத் தினமும் எண்ணி எழுதுவோம்.

குளிர்காலத்தில் கடல் கூட்டில் நிற்கும் பொடியள் போன் எடுத்து, ஊசி போட்ட மீனுக்கு ஏன் புண் வருகிறது என்று கேட்பார்கள். மொரிட்டெல்லா ஊசி சாவைக் குறைக்கும், புண்ணை முழுதாக நிறுத்தாது. குளிர்த் தண்ணீரில் மீனில் ஒட்டும் கடல் பேன் எடுக்கிறோம் என்று மீனைப் பம்பில் இழுத்துச் செதில் கழற்றினால் கிருமிக்கு வழி அங்கேயே திறந்துவிடும். அந்த மாதங்களில் மீனைத் தொடாமல் விடுங்கள் என்றுதான் நான் சொல்வது.